‘டேக்’ என்ற சொல்லுக்கு எத்தனை வேலை

சென்னப்பட்டணம்
6-7-1937

அன்புள்ள கண்ணம்மாவுக்குச் செல்லி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய். தருமபுரிப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நீ கேலி செய்த அதே கோழிக் கிறுக்கல்தான், ஆஸ்பத்திரிக்கு வந்தும் திருந்தவில்லை. உன் வீட்டுக்காரர் வாந்திபேதியில் தவறிப்போன சேதியை அப்பா சொன்னார். உடனே கார்டு போட்டேன். நீ பதில் போடவில்லை. கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? கோபம்தான். ஏழாம் வகுப்போடு உன்னைக் கல்யாணம் என்று இழுத்துக்கொண்டு போன நாளிலிருந்தே கோபம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷம் ஜூலையில் நர்ஸ் படிப்புக்குப் புதிதாகப் பெண்களைச் சேர்க்கிறார்கள். மூன்று வருஷப் படிப்பு, சாப்பாடும் துணியும் அவர்களே தருகிறார்கள். ஏழாவது படித்த விதவைகளுக்கு இடம் உண்டு. பிள்ளையோடு வருகிறவர்களுக்காகவே பின்பக்கம் குழந்தைகள் இல்லம் ஒன்று இருக்கிறது. ஆகவே கருப்பியை என்ன செய்வேன் என்று நீ சாக்குச் சொல்ல முடியாது. நான்கு வயசுப் பிள்ளைக்கு அங்கே ஊஞ்சல்கூட உண்டு.

ஒரே ஒரு கண்டம் இங்கிலீஷ் பரீட்சை. எங்கள் மேட்ரன் துரைசானிக்கு ஒரு கிறுக்கு. பெரிய சொல் எதையும் கேட்கமாட்டாள். தினம் வாயில் புழங்குகிற ஒரு சின்னச் சொல்லைக் கொடுத்து, அதற்கு எத்தனை அர்த்தம், அதற்குப் பதிலாக என்னென்ன சொல்லலாம், எல்லாம் எழுது என்பாள். படுக்கையில் கிடக்கிறவன் பேசுவது சின்னச் சொற்களில்தான் என்பது அவள் கட்சி. வருஷா வருஷம் அவள் கொடுப்பது ‘டேக்’. அதை மாற்றமாட்டாள், அந்தச் சொல்மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம்.

டேக் என்றால் எடு என்றுதானே நாம் படித்தோம்? இங்கே வந்து பார்த்தால் டேக் மெடிசின் என்றால் மருந்து சாப்பிடு. டேக் எ பாத் என்றால் குளி. டேக் எ சீட் என்றால் உட்கார். டேக் டெம்பரேச்சர் என்றால் காய்ச்சல் பார். முதல் வாரம் ‘டேக் யுவர் சீட்’ என்று சொன்னார்கள், நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இந்த நாலையும் மனப்பாடம் செய். மீதி அடுத்த கடிதத்தில். வருவாய்தானே?

உன்
செல்லி


இண்டூர்
25-7-1937

செல்லி,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் உரக்கக் கூப்பிட்டதில் தெருவே எட்டிப் பார்த்தது. எனக்குக்கூடக் கடிதம் எழுத ஆள் இருக்கிறதே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். இந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தது எனக்கு மட்டும்தான், அதனால் பயமில்லை. உன் மனசில் உள்ளதை எழுதலாம்.

கார்டுக்குப் பதில் போடாதது தப்புத்தான். அப்போது எதை எழுதுவது என்று தெரியவில்லை.

இங்கே யாரும் என்னை அடிக்கவில்லை, வையவில்லை. மாமியார் முனியம்மாள் நல்லவர்தான். களி கிண்டினால் முதல் உருண்டை எனக்குத்தான் வைக்கிறார். கொழுந்தனார் மாது அண்ணி என்று மரியாதையாகத்தான் பேசுகிறார். ஆனால் அவருக்குப் பெண் பேச ஆட்கள் வந்த அன்றைக்கு, அவர்கள் போகும்வரை என்னை மாட்டுக்கொட்டாயில் இருக்கச் சொன்னார்கள். நானும் இருந்தேன். கருப்பி ஓடிவந்து, “ஏம்மா இங்க ஒளிஞ்சிக்கினு இருக்கற?” என்று கேட்டாள். கண்ணாமூச்சி என்று சொன்னேன். நான் சாகிறவரை இப்படியே இருந்துவிடுவேன், அது ஒன்றும் பெரிதில்லை. இவள் அதைப் பார்த்துப் பார்த்து வளர்வதுதான் தாங்கவில்லை.

அதனால் வருகிறேன். ஆனால் ஒன்று, தனியாக வரமாட்டேன். கருப்பியோடு என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருந்துக்கும் டேக், குளிப்பதற்கும் டேக், உட்காருவதற்கும் டேக். வெள்ளைக்காரன் ஊரில் சொல்லுக்கு அவ்வளவு பஞ்சமா? ஒரே கூலிக்காரனை விட்டு ஏர் ஓட்டி, வரப்பு அண்டை வெட்டி, சந்தைக்கும் அனுப்புகிற கதையாக இருக்கிறது. ஆனால் யோசித்தால் நாமும் சளைத்தவர்கள் இல்லை. வாந்தி எடுக்கிறோம், பசி எடுக்கிறது, பிச்சை எடுக்கிறோம், தத்து எடுக்கிறோம். துரைசானி தமிழ் படிக்க வந்தால் அவளுக்கு ‘எடு’வைக் கொடுத்து நான் பரீட்சை வைப்பேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கண்ணம்மாள்


சென்னப்பட்டணம்
14-9-1937

அன்புள்ள கண்ணம்மா,

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்த ‘எடு’ விஷயத்தைத் துரைசானியிடம் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். உன் பேரையும் கேட்டாள்!

கேள், இந்தத் தடவை கொஞ்சம் கடினம். டேக் எ டிரெயின் என்றால் ரயில் ஏறு. இட் டேக்ஸ் டைம் என்றால் நேரம் பிடிக்கும். டேக் கோல்ட் என்றால் சளி பிடித்துக்கொள்வது. அம்மை குத்தின இடம் பழுத்தால், ‘இட் ஹாஸ் டேக்கன்’ என்கிறார்கள், அதாவது பிடித்துக்கொண்டது. டேக் பிட்டி என்றால் இரங்குவது. டேக் ஆஃப்டர் என்றால் சாயல். கருப்பி உன் சாயலா, அவள் அப்பா சாயலா? அதை இங்கிலீஷில் எழுதி அனுப்பு.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் நீ எழுதின நாலு இங்கிலீஷ் எழுத்திலும் தப்பு இருந்தது. ஏழாவது படித்தது அத்தனையும் துருப்பிடித்துப் போயிருக்கிறது. தினம் விளக்கு வைத்ததும் உட்கார வேண்டும், ஒரு நாள் விடக்கூடாது. நான் இங்கே பிழைத்தது அப்படித்தான். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே. பிள்ளை அழுதால் அவள் பாட்டியிடம் கொடு. ஒரு வருஷம்தானே, அப்புறம் வாழ்நாள் பூராவும் அவள் உன்னோடுதானே இருக்கப்போகிறாள்?

இங்கே நான் எல்லோரோடும் சிரித்துப் பேசுகிறேன். ராத்திரி டூட்டி முடிந்து வந்தால் பேச ஆளில்லை. நீ வந்தால் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் உனக்கு. இப்போதே கேட்டு வைத்துவிட்டேன்.

செல்லி


இண்டூர்
21-11-1937

செல்லி,

புரட்டாசியில் நம் ஜில்லாவில் கள்ளுக்கடையை மூடினார்களே, அது உனக்குப் பேப்பரில் படித்த சேதி, எனக்குப் பெரிய தலைவலி. முன்னெல்லாம் இருட்டின பிறகுதான் மாது வீட்டுக்கு வருவார். இப்போது பொழுது சாய்ந்ததும் வந்து எதிரில் உட்கார்ந்துகொள்கிறார். நான் வாய்க்குள் முணுமுணுப்பதைப் பார்த்து மந்திரம் பழகுகிறேனோ என்று அத்தைக்குச் சந்தேகம். அதனால் சொல்லிவிட்டேன். பட்டணம், ஆஸ்பத்திரி, படிப்பு எல்லாம்.

அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். மாதுதான் சொன்னார். “அண்ணி, நீங்க போறதுன்னா போங்க. ஊரு என்னா வேணா சொல்லட்டும், நான் பாத்துக்கறேன். எங்கண்ணன் புள்ளய மட்டும் வுட்டுட்டுப் போங்க. அவரு போனப்புறம் இந்த வூட்ல அவருதுன்னு வேற என்னா கீது?”

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். இப்படிக் கேட்டதும் உள்ளே போய் அடுப்பை ஊதினேன்.

நீ சொன்னபடி தினம் உட்காருகிறேன். பாடம் நன்றாகத்தான் வருகிறது. கருப்பி முதலில் மடியில் ஏறி ஏறிப் பார்த்தாள். சிலேட்டைப் பிடுங்குவாள், பலப்பத்தைக் கடிப்பாள். “போடி, ஆயாகிட்ட போ” என்று விரட்டினேன். இரண்டு தடவை முதுகிலும் ஒன்று வைத்தேன். இப்போது விளக்கு ஏற்றினதுமே அவளாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு அத்தையிடம் போய்விடுகிறாள். புத்திசாலி. எனக்கும் வேலை சுலபமாயிற்று.

சாயல் கேட்டாயே. ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் ஃபாதர். இதிலும் தப்பு இருந்தால் துரைசானியோடு சேர்ந்து சிரித்துக்கொள்.

கண்ணம்மாள்


சென்னப்பட்டணம்
9-1-1938

கண்ணம்மா,

தப்பே இல்லை. ஆனால் உன் மேல் எனக்குக் கோபம். கொழுந்தன் ஒரு வார்த்தை உருக்கமாகப் பேசினால் அடுப்பை ஊதப் போவாயா? அண்ணன் பிள்ளையாம். பத்து மாதம் சுமந்தது அண்ணனா? இன்னும் சில வருஷம் போனால் அவளை எவனாவது மாமன் மகனுக்குக் கட்டி வைப்பார்கள், அப்போதும் நீ மாட்டுக்கொட்டாயில் இருப்பாய். மகள் கல்யாணத்தில்கூடக் கண்ணாமூச்சி விளையாடுவாயா?

எழுதின பிறகு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. நீ படிக்க வேண்டும் என்றே விட்டுவிட்டேன்.

இனி பதில் சொற்கள். டேக் என்பதற்குப் பதிலாக இடத்துக்கு ஏற்றபடி வேறு சொல் போடத் தெரிந்தால்தான் முழு மார்க்கு. சுமந்து போனால் கேரி. கொடுப்பதை வாங்கிக்கொண்டால் ரிசீவ். சம்மதித்து வாங்கினால் அக்செப்ட். பாய்ந்து பிடுங்கினால் சீஸ். அப்புறப்படுத்தினால் ரிமூவ். மாத்திரையை விழுங்கினால் ஸ்வாலோ. கையைப் பிடித்து அழைத்துப் போனால் லீட். கேட்காமல் கொண்டுபோனால் ஸ்டீல். அது போலீஸ் கேஸ்.

இன்னும் ஒன்று, இது துரைசானிக்கு ரொம்பப் பிடித்தது. டேக் டு. ஒருத்தரிடம் போய் ஒட்டிக்கொள்வது. வார்டில் தாய் இல்லாத பிள்ளை ஒன்று என்னிடம் ஒட்டிக்கொண்டது, நான் டூட்டி மாறினால் அழுகிறது. ‘தி சைல்ட் ஹாஸ் டேக்கன் டு செல்லி’ என்று துரைசானி சொன்னாள். எனக்கு அன்றைக்குப் பூராவும் சந்தோஷம்.

இவை அத்தனையையும் வைத்து ஒரு முழுத்தாள் எழுதி அனுப்பு. துரைசானியிடம் காட்டுகிறேன்.

செல்லி


இண்டூர்
18-3-1938

அன்புள்ள செல்லி,

இங்கே புளி தட்டுகிற காலம். ஊர்ப் பெண்கள் எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து ஓடு உடைக்கிறோம், கொட்டை எடுக்கிறோம். கை அது பாட்டுக்கு வேலை செய்கிறது, வாய் அது பாட்டுக்கு கேரி, ரிசீவ், அக்செப்ட், சீஸ் என்று ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பழனியம்மாள், “எங்களுக்கும் சொல்லிக் குடு கண்ணம்மா, வெள்ளக்காரன் வந்தா வையலாம்” என்றாள். சொல்லிக் கொடுத்தேன். இப்போது புளி தட்டும்போது எல்லோரும் சேர்ந்து ‘ஸ்வாலோ, ஸ்வாலோ’ என்று கத்துகிறார்கள். எனக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே மறந்துபோயிருந்தது.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். உன் ‘டேக் டு’வுக்கு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை, கண் எதிரிலேயே இருந்தது. ‘மை டாட்டர் ஹாஸ் டேக்கன் டு ஹெர் கிராண்ட்மதர்’ என்று எழுதியிருக்கிறேன். பார்த்து எழுதினதால் தப்பு இருக்காது.

நீ திட்டினதில் பலன் இருந்தது. போன வாரம் மாதுவிடம் பேசிவிட்டேன். தலையை நிமிர்த்திக்கொண்டே பேசினேன். “உங்க அண்ணன் புள்ளதான், இல்லைன்னு சொல்லல. எனக்கும் அவதான். அவள உட்டுட்டுப் போவ மாட்டேன், இங்கயே வெச்சி வளக்கவும் மாட்டேன்” என்றேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை, “நீயும் நானும் பேசி என்னாத்துக்கு ஆவும்? பச்சையம்மாவ கேட்டுறலாம். அவ என்னா சொல்றாளோ அதுக்கு மேல ஒரு பேச்சு இல்ல” என்றார்.

பச்சையம்மன் கோயிலில் பூக் கேட்பது உனக்குத் தெரிந்ததுதான். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. அத்தைதான் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார். ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். மற்றதைப் பிரிக்காமல் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். இந்தக் குடும்பத்தில் கிணறு வெட்டினதும் என் கல்யாணம் நடந்ததும் அப்படிக் கேட்டுத்தான். எந்தப் பூ வந்தாலும் இவர்கள் மீறமாட்டார்கள். வெள்ளை வந்தால் மாதுவே வண்டி கட்டி மொரப்பூர் ரயிலடிக்குக் கொண்டுவந்து விடுவார். அது நிச்சயம்.

சித்திரை கழிந்ததும் நாள். எடுக்கப்போவது கருப்பிதான்.

கண்ணம்மாள்


சென்னப்பட்டணம்
12-4-1938

என் கண்ணம்மா,

உட்கார்ந்துகொண்டு படி, விழுந்துவிடாதே. துரைசானி உன் தாளைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். இன்னொரு மேட்ரனிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ‘திஸ் கேர்ள் அண்டர்ஸ்டாண்ட்ஸ்’ என்றாள். உனக்கு இனிப் பரீட்சையே கிடையாது. இடம் உனக்கு என்று எழுதியாயிற்று, குழந்தைகள் இல்லத்தில் கருப்பிக்கும். ஜூலை முதல் தேதி வந்து சேர வேண்டும்.

அப்பாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன். தண்டவாள வேலையில் இருக்கிறவர், மொரப்பூர் ஸ்டேஷனில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை. உங்களைப் பெண்கள் வண்டியில் இடம் பிடித்து உட்கார வைப்பார்.

ஒரு சின்னத் திருத்தம். கடைசி வரியில் ‘ஐ வில் டேக் மை டாட்டர் டு மெட்ராஸ்’ என்று எழுதியிருந்தாய். அது சரிதான். ஆனால் துரைசானி அதைச் சொல்லும்போது ‘ஷி வில் பிரிங் ஹெர்’ என்றாள். கொண்டுபோவது டேக், கொண்டுவருவது பிரிங். அங்கிருந்து பார்த்தால் ஒரு சொல், இங்கிருந்து பார்த்தால் வேறு சொல். உன் மாமியாருக்கு நீ டேக், எனக்கு நீ பிரிங்!

பூ விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை பாடுபட்டுவிட்டு அரளிப் பூவை நம்புவதா? கேட்டே தீர வேண்டும் என்றால் ஒன்று செய். விதவை பூவைத் தொடக்கூடாது, சரி. இலையைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? இலை பறிப்பது நீயாக இரு. ஒரு இலையின் நுனியைக் கிள்ளி வை, உன் மாமியார் வெள்ளைப் பூவை எடுக்கும்போது அதை நீட்டு. கருப்பியிடம் காதோடு சொல்லிவிடு. அம்மனுக்குப் பெண்களின் கஷ்டம் தெரியும், கோபித்துக்கொள்ளமாட்டாள்.

செல்லி


இண்டூர்
16-5-1938

செல்லிக்கு,

சிவப்பு வந்தது. இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். துரைசானிக்கு என் வணக்கத்தைச் சொல். இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கட்டும்.

கண்ணம்மாள்


சென்னப்பட்டணம்
2-6-1938

கண்ணம்மா,

கார்டில் நாலு வரி எழுதிப் போட்டுவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று நினைத்தாயா? அந்தக் கார்டைத் துரைசானியிடம் காட்டவே இல்லை. உன் இடம் இன்னும் உன் பேரில்தான் இருக்கிறது.

நான் சொன்னபடி செய்தாயா, இல்லையா? செய்திருந்தால் சிவப்பு எப்படி வரும்? எனக்குத் தெரியும். உன் மாமியார் இரண்டு இலையிலும் செவ்வரளியையே வைத்திருப்பாள். பூ மடித்தது அவள்தானே? களியில் முதல் உருண்டை வைக்கிறாள் என்று நீ உருகினாயே, அதற்கெல்லாம் சேர்த்து வாங்கிவிட்டாள். மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாயா? ஏன் பார்க்கவில்லை? அந்த இடத்திலேயே ஊரைக் கூட்டிப் பிரித்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இல்லாவிட்டால் ஒன்று செய். நீ மட்டும் முதலில் வந்துவிடு. வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிக்கிற பெண்ணிடம் அப்புறம் யாரும் வாயாட மாட்டார்கள். பிள்ளையைப் பிறகு வந்து தூக்கிக்கொள்ளலாம்.

கண்ணம்மா, இந்த ஒரு வருஷமும் நான் இங்கே நாளை ஓட்டினது நீ வருவாய் என்றுதான். கட்டிலில் உனக்காக ஒரு போர்வைகூட மடித்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து பதில் போடு. திட்டியாவது போடு.

உன்
செல்லி


இண்டூர்
19-6-1938

அன்புள்ள செல்லி,

உன் கடிதத்தில் அத்தையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அவர் மேல் அந்தப் பழி நிற்கக்கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். பூவரச இலை இரண்டு பறித்தேன். ஒன்றின் நுனியைக் கிள்ளினேன். அத்தை வெள்ளை அரளியைக் கையில் எடுத்ததும் அதைத்தான் நீட்டினேன். அவர் எதையும் கவனிக்கவில்லை. வெள்ளையை அதில் மடித்ததை என் கண்ணால் பார்த்தேன். காலையில் தலை வாரும்போதே கருப்பியிடம் சொல்லி வைத்திருந்தேன், “நுனி கிள்ளி இருக்கற பொட்டலத்த எடுக்கணும், தெரிஞ்சிதா?” என்று. தெரிந்தது என்று தலையை ஆட்டினாள். கற்பூரம் காட்டினார்கள். அவள் போனாள். குனிந்தாள். நுனி கிள்ளின இலைமேல் கையை வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். என்னை இல்லை. அத்தையைப் பார்த்தாள். அத்தை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கருப்பி கையை எடுத்து, மற்றதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

எல்லோரும் வீட்டுக்குத் திரும்பின பிறகு நான் மட்டும் மறுபடி கோயிலுக்குப் போனேன். மற்றதைப் பிரித்தேன். பிரிக்கக்கூடாதுதான், பிரித்தேன். வெள்ளை.

செல்லி, அதற்குள் செவ்வரளி இருக்க வேண்டும் என்று போகும் வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். இருந்திருந்தால் அத்தையை நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி வைதுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே மொரப்பூர் வந்திருப்பேன். எனக்கு அந்த வழியும் இல்லாமல் போனது.

அன்றைக்கு மத்தியானம் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்க் கேட்டேன். அதட்டாமல்தான் கேட்டேன். சொன்னது ஞாபகம் இருந்ததா என்றேன். இருந்தது என்றாள். அப்புறம் ஏன் என்றேன். “வெள்ளப் பூ வந்தா பட்டணம் போயிருவமாமே. அங்க ஆயா வராதாமே. ஆயா இல்லாம எனக்குத் தூக்கம் வராதும்மா” என்றாள். பயந்து சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. நாளைக்கு மழை வராது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அத்தை அவளை ஒருநாளும் என்னிடமிருந்து இழுத்துக்கொள்ளவில்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் விளக்கு ஏற்றினதும் கையைப் பிடித்து அங்கே அனுப்பினேன். உன் மேலும் குற்றமில்லை. நீ சொன்னது படிக்கத்தான். படித்தேன், நன்றாகத்தான் படித்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்காகவே படித்தேன்.

தனியாக வா என்கிறாய். அத்தையும் அதையேதான் சொல்கிறார். “உனக்குப் படிக்கணும்னு ஆசையா இருந்தா போயிட்டு வா கண்ணம்மா, புள்ளைக்கு நான் கீறேன்” என்கிறார். மனசாரத்தான் சொல்கிறார். அவருக்குச் சூது தெரியாது. ஆனால் நான் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு வருஷத்தில் இவ்வளவு தூரம் போய்விட்டாள். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் யாரோ பட்டணத்து அம்மா வந்திருக்கிறாள் என்று அத்தை முந்தானைக்குப் பின்னால் நிற்பாள். அதைப் பார்க்க என்னால் முடியாது. இங்கேயே இருந்தால் ஏதாவது மாறும் என்று நினைத்துக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் இங்கேதான் இருக்கப்போகிறேன்.

மாதுவுக்கு ஆவணியில் கல்யாணம். பெண் வீட்டார் வருகிற போதெல்லாம் மாட்டுக்கொட்டாயில்தான் இருக்கிறேன். கருப்பி இப்போது வந்து கேட்பதில்லை.

இனி எனக்குச் சொற்கள் அனுப்பாதே. உன்னைப் பற்றி மட்டும் எழுது. என் பக்கத்தில் இருக்க வேண்டிய நீயும் தனியாகவே இருக்கிறாய் என்பதை நினைத்தால் எனக்கு உனக்காகத்தான் ரொம்ப வருத்தமாக இருக்கிறது. போர்வையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

சிலேட்டையும் புஸ்தகத்தையும் பரணில் ஏற்றிவிட்டேன். இந்த வாரம் முழுவதும் வேலை முடிந்ததும் வாசலில் பாயைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நேற்று விளக்கு வைத்தபோது கருப்பி அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். “இங்க வந்து அம்மாகிட்ட படுத்துக்கோடி” என்று கூப்பிட்டேன். வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “பரவால்லம்மா, நீ படி” என்று சொல்லிவிட்டு அத்தையிடம் போனாள்.

கண்ணம்மாள்